மடை அடைத்த பிறகு

முப்பத்தோரு வருஷம் அனந்தனார் சானலில் லஸ்கர்.
பேச்சிப்பாறையில் திறந்த வெள்ளம்
எந்த மதகை எத்தனை மணிக்குத் தொடும் என்று
மண்ணில் கால் வைத்தே சொல்வேன்.
என் அடிவயிற்றில் ஒரு சானல் ஓடுவதை
ஆசாரிப்பள்ளத்தில் ஷெரின் டாக்டர்
மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டும்வரை
தெரியாது.

புராஸ்டேட் என்று ஒரு வட்டம்.
அதற்குள் பொடிப்பொடியாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு.
ரத்தத்தில் மிதந்து வரும் டெஸ்டோஸ்டிரோன்தான் சாவி.
சாவி விழுந்ததும் பூட்டே எழுந்து நடக்கும்,
உட்கருவுக்குள் போய் உட்கார்ந்து
வளர், வளர் என்று உத்தரவு வாசிக்கும்.
"பூட்டு நடக்குமா டாக்டர்?"
"இந்தப் பூட்டு நடக்கும்."

மீசை அரும்பிய வயதில்
இதே உத்தரவுதான் என்னை ஆளாக்கியது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி,
பிப்ரவரிக் கடைசியில் அணையை அடைப்பதுபோல.
பி.எஸ்.ஏ. எண்பத்து நாலு.
பிறகு ஒன்பது.
பிறகு புள்ளி நாலு.
நடுராத்திரியில் மேலெல்லாம் கொதித்தது.
ரோஸ்லெட் பாய் விசிறியை நீட்டினாள்:
"எனக்க நாப்பத்தெட்டு வயசில நீரு என்ன சொன்னீரு?
ஃபேனைக் குறை, குளிருதுன்னுல்லா. இப்ப அனுபவியும்."
சொல்லிவிட்டு என் பனியனைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

இருபத்தொரு மாதம் காய்ந்து கிடந்த வயல்.
பிறகு ரெண்டு. ஆறு. பத்தொன்பது.

"ஊசி வேலை செய்யுது. ரத்தத்தில் சாவியே இல்லை"
என்றார் டாக்டர், தாளைத் திருப்பிக் காட்டி.
அணை அடைத்துத்தான் இருக்கிறது,
ஆனால் கடைவரம்பில் ஈரம்.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
எண்பத்தேழு கோடையில் சானலே பாளம் வெடித்தபோது
ஒரே ஒரு ஏத்தன் வாழைத்தோப்பு பச்சை.
போய்ப் பார்த்தால் உள்ளேயே ஊற்று தோண்டியிருந்தான்.
மறு வருஷம் கள்ளச்சாவி.
அப்புறம் ஷட்டர் பலகையையே கழற்றி எடுத்துவிட்டார்கள்.
பலகை இல்லாத மதகுக்குச் சாவி எதற்கு?

செல்லும் அப்படித்தானாம்.
தானே சாவி அடிக்கும்.
பூட்டுகளைப் பெருக்கிப் பெருக்கி ஒரு துளிக்காகக் காத்திருக்கும்.
எந்தத் துருப்பிடித்த சாவிக்கும் திறந்து கொடுக்கும்.
கடைசியில் துவாரமே இல்லாத ஒரு பூட்டு பிறக்கும்,
யாரும் தொடாமலே நடக்கும், வாசிக்கும்.
"அம்புட்டு புத்தியா அதுக்கு?"
"புத்தி இல்லை. செத்தது செத்துப்போச்சு,
குடிக்கத் தெரிஞ்சது மிச்சம்."

அந்தக் கள்ளச்சாவி நான் அடித்துக் கொடுத்தது.
வடசேரியில், பன்னிரண்டு ரூபாய்க்கு.
தோப்பு என் மச்சான் மரியவியாகுலத்தினுடையது,
குலை தள்ளும் சமயம், அவன் அழுதான்.
ஓய்வு பெற்ற அன்று ஒரு சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
இன்னொன்றை யாரும் கேட்கவில்லை.
ரோஸ்லெட்டிடம் சொன்னதில்லை,
ஏனோ டாக்டரிடம் சொன்னேன்.
"குலை தள்ளிச்சா?" என்று கேட்டார்.
தள்ளியது. நல்ல எடை.
கடைவரம்பில் பதினேழு பேருக்கு நாற்று கருகியது.

இப்போது தினம் நாலு மாத்திரை, வெறும் வயிற்றில்.
ஊற்றையும் அடைக்குமாம்,
துவாரமில்லாத பூட்டு பிறக்காமல் இருந்தால்.
"பிறந்துட்டா?"
அவர் பேனாவை மூடினார்.

விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது.
அந்த நேரத்தில் சானல் கரைக்கு நடக்கிறேன்.
மே மாதம், எல்லாம் அடைப்பு.
இன்று ஷட்டருக்கு அடியில் நூலளவு கசிவு.
குனிந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.
விரலிடுக்கில் வந்தது.
மணி ஏழு பத்து.
கஞ்சிக்கு இன்னும் இருபது நிமிஷம்.